நான்சி டவுன் ராசா பீலி, லைவ் வீடியோ டூர்: காசு குடுத்து பாத்தவன் சொல்றேன்

முதல்ல இது என்னா சர்வீஸ்னு சொல்லிடுறேன். பிரான்ஸ்ல நான்சின்னு ஒரு டவுன் இருக்கு, பாரிஸ்ல இருந்து வேக ட்ரெயின்ல ஒன்றரை மணித்தியாலம். அங்க குடியிருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க ஞாயித்துக்கிழமைல போனை கையில புடிச்சுக்கிட்டு டவுனை நடந்து காட்டுறாங்க, தமிழ்ல விளக்கம் சொல்றாங்க, நம்ம இங்க இலங்கையில உக்காந்துக்கிட்டே லைவா பாக்கலாம், நடுவுல கேள்வியும் கேக்கலாம். ஒரு டூர் ஒண்ணேகால் மணித்தியாலம். நாங்க எடுத்தது அந்த டவுன் நடுச்சதுக்கத்துல ராசா கட்டி வச்ச நீரூத்துங்களோட கதை (தண்ணி விழுற எடத்தை எங்க தோட்டத்துப் பக்கம் பீலின்னு சொல்லுவோம்). தலைக்கு 1,500 ரூபா. பன்னெண்டு பேரு சேந்து ஹட்டன்ல ஒரு டியூஷன் ஹாலை எடுத்து, செவுத்துல ப்ரொஜெக்டர் போட்டு பாத்தோம்.

எனக்கு எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுறவன், நல்லதண்ணி, நுவரெலியா, எல்லன்னு வருஷம் பூரா ஓட்டம். வர்ற வெள்ளைக்காரங்கள்ல பிரெஞ்சுக்காரங்க நெறைய பேரு, அவங்களுக்கு இங்கிலீஷ்ல பேசுறத விட அவங்க பாஷையில ரெண்டு வார்த்த பேசினா மொகமே மாறிடும், அதனால போன வருஷத்துல இருந்து ஞாயித்துக்கிழமை பிரெஞ்சு கிளாஸ் போறேன். கிளாஸ் மிஸ்தான் இந்த டூரை கண்டுபுடிச்சாங்க. பாஷை மட்டும் படிச்சா பத்தாது, அவங்க ஊரு என்னான்னு தெரியணும்னாங்க. சரின்னு காசை குடுத்துட்டோம்.

காசு கட்டுறதுல கொஞ்சம் இழுபறி. அந்த அக்காவோட சொந்தக்காரர் ஒருத்தரு இங்க இருக்காரு, அவரு அக்கவுண்டுக்கு போடணும், போட்ட ஸ்லிப்பை வாட்சப்ல அனுப்பணும், அதுக்கு பதில் வர மூணு நாளாச்சு. 18,000 ரூபாய போட்டுட்டு மூணு நாள் சத்தமே இல்லன்னா யாருக்கும் வயித்த கலக்கும். இத அவங்க திருத்தணும். அப்புறம் டைம், ஜூன் மாசம் அவங்களுக்கும் நமக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம், அங்க பின்னேரம் மூணு மணின்னா இங்க ஆறரை. எங்களுக்கு அது தோதான டைம்தான், ஆனா ஜூன் மாசத்து ஹட்டன் மழைய பத்தி நான் சொல்லவே வேணாம். அதுக்கு பின்னாடி வர்றேன்.

ஆரம்பிச்சதும் அக்கா சதுக்கத்து நடுவுல நின்னு போனை ஒரு சுத்து சுத்தினாங்க. அவ்வளவுதான், ஹால்ல சத்தம் அடங்கிருச்சு. 125 மீட்டர் நீளம், 106 மீட்டர் அகலம், சுத்திவர ஒரே மாதிரி வெளுத்த கல்லு கட்டடம், மூலைக்கு மூலை கறுப்பும் தங்கமுமா இரும்பு வேலி. அதுல ரெண்டு மூலையில, அந்த இரும்பு வளைவுக்கு கீழ, நீரூத்து. ஒண்ணுல நெப்டியூன், ரோமாபுரிக்காரங்களோட கடல் சாமி, கையில முச்சூலம். இன்னொண்ணுல அவரு சம்சாரம் ஆம்ஃபித்ரீத். "வடிவா பாருங்கோ தம்பியவை, இது கல்லில்ல, ஈயம்"னு அக்கா கிட்ட கொண்டுபோய் காட்டினாங்க. செஞ்சவரு பார்த்தெலெமி கிபால்னு ஒரு சிற்பி. இரும்பு வேலை ஜான் லாமூர். சதுக்கத்தையே வரைஞ்சு கட்டினது எம்மானுவேல் எரேன்னு ஒரு கட்டடக்கலைஞர். 1752ல தொடங்கி 1755 நவம்பர் 26ல தெறந்தாங்க.

எங்க அப்பா தேயிலை பேக்டரி வர்க்‌ஷாப்ல முப்பது வருஷம் பிட்டரா இருந்தவரு, சின்ன வயசுல பட்டறையில நின்னு பாத்தே வளந்தவன் நானு, அதனால அந்த இரும்பை விட்டு கண்ணை எடுக்க முடியல. கரண்ட் வெல்டிங் இல்லாத காலம். கரியில காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு, இலை, பூ, சுருள்னு ஒவ்வொண்ணையும் கையால வளைச்சு, ஆணி அடிச்சு சேத்து, மேல தங்கத்தகடு ஒட்டினது. ஒரு கேட்டு கம்பிய வளைக்கிறதே என்னா பாடுன்னு எனக்கு தெரியும். அக்கா அடுத்த எடத்துக்கு நகரப்போக, "அக்கா அக்கா, அந்த ஜாயிண்டை மட்டும் இன்னொருக்கா காட்டுங்க"ன்னு நான் கத்த, அவங்க திரும்பி வந்து ரெண்டு நிமிஷம் அசையாம புடிச்சு காட்டினாங்க. இதுக்கே முழு மார்க்கும் போடலாம். ரெக்கார்ட் பண்ணின வீடியோன்னா எவன் திரும்பி வருவான்.

இனி கதை. இதுதான் டூரோட உசிரு. யாரு இந்த ராசா?

ஸ்தனிஸ்லாஸ்னு பேரு, போலந்து நாட்டு ராசா. ரெண்டு தரம் சிம்மாசனம் கெடைச்சு ரெண்டு தரமும் போச்சு. ஆனா அவரு மக மரியாவ 1725ல பிரான்ஸ் ராசா பதினஞ்சாம் லூயி கட்டிக்கிட்டாரு. நாடில்லாம நிக்கிற மாமனார என்னா பண்றதுன்னு பாத்து, சண்டையெல்லாம் முடிஞ்ச கையோட 1737ல நான்சி இருக்கிற லொரேன் நாட்டை அவருக்கு குடுத்தாங்க, அவரு உசிரோட இருக்கிற வரைக்கும்தான், அதுக்கப்புறம் அது பிரான்சுக்கு. அதாவது ஆயுசுக்கு மட்டும் குத்தகை. நம்மாளுங்களுக்கு இது ஒடனே வெளங்கும், தோட்டத்துல குடியிருக்க குடுக்கிற லயத்து காம்பரா மாதிரிதான், இருக்கலாம், நம்ம பேருல எழுதித் தரமாட்டாங்க. அவருக்கும் அது தெரியும். தெரிஞ்சும் அந்த மனுசன் டவுனை இப்புடி கட்டியிருக்காரு. மருமகன் பேருல, ப்ளாஸ் றொயால், ராசா சதுக்கம். நடுவுல மருமகனோட வெண்கல செலை. பழைய நான்சி ஒரு பக்கம், புது நான்சி ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடந்த டவுனை நடுவுல இந்த சதுக்கத்தை வச்சு சேத்துட்டாரு. வடக்கு பக்கத்து கட்டடம் மட்டும் குள்ளமா இருக்கும், ஏன்னா கோட்டையில இருந்து பீரங்கி சுடுறதுக்கு மறைக்கக்கூடாதாம். அழகு பாக்குறப்பவும் சண்டைய மறக்கல.

போலந்து சண்டை, வாரிசு சண்டைன்னு இந்த பகுதிய அக்கா கொஞ்சம் நீட்டிட்டாங்க. வருஷங்களை சொல்றப்ப யாழ்ப்பாணத்து வேகத்துல சொல்றாங்க, காத்து சத்தம் வேற, எழுதிக்கிட்டிருந்த பொடிச்சிங்க பேனாவை வச்சிட்டாங்க. ஒரு பக்க நோட்ஸ் முன்னாடியே அனுப்பினா நல்லாருக்கும், கேட்டப்ப "ஓம், அடுத்தமுறை செய்யிறன்"னு சொன்னாங்க.

அப்புறம் வந்துச்சு மழை. அந்த வெண்கல செலைக்கு என்னா ஆச்சுன்னு சொல்ல ஆரம்பிச்ச அந்த நேரம் பாத்து சிக்னல் போச்சு. பத்து நிமிஷம். எல்லாரும் போனை ஜன்னல் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, ஹால் கூரையில மழை பேய் மாதிரி கொட்டுது. திரும்பி கனெக்ட் ஆனப்ப அக்கா அதே எடத்துல நிக்கிறாங்க, ஒரு அடி நகரல, "நீங்கள் வரும் வரைக்கும் நான் சொல்லேல்ல"ன்னு சொல்லிட்டு தொடங்கினாங்க. போன பத்து நிமிஷத்தையும் கடைசியில சேத்து குடுத்தாங்க, ஒரு சதம் கூட கேக்கல.

செலை கதை இதுதான். புரட்சி வந்துச்சு, 1792ல ராசா செலைய எறக்கிட்டாங்க, வெண்கலம் பீரங்கி செய்ய போச்சு. சதுக்கத்து பேரும் மாறி மாறி வந்துச்சு, கொஞ்ச காலம் மக்கள் சதுக்கம், கொஞ்ச காலம் நெப்போலியன் சதுக்கம். 1831லதான் ஸ்தனிஸ்லாஸ் செலைய வச்சு அவரு பேரையே வச்சாங்க. இப்ப ஊராளுங்க செல்லமா "ஸ்தான்"னு சொல்றாங்களாம். மருமகனுக்காக கட்டினது மாமனார் பேருல நிக்குது. அவரு போய் சேந்தது பாவமான கதை, 1766 பெப்ரவரியில, லூனேவில் மாளிகையில குளிருக்கு நெருப்பு பக்கத்துல இருந்தப்ப அங்கியில நெருப்பு புடிச்சு, கொஞ்ச நாள் கெடந்து செத்துப்போனாரு. இவ்வளவு தண்ணிய ஊருக்கு காட்டின மனுசன். பேசின மாதிரியே லொரேன் பிரான்சோட சேந்துச்சு.

அந்த ரெண்டு நீரூத்தும் எல்லாத்தையும் தாண்டி நிக்குது. 2005ல 250 வருஷம் ஆனதுக்கு சதுக்கத்தை மறுபடியும் செப்பனிட்டு, கார் எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு, நடக்கிறவங்களுக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க. 1983லயே உலக மரபுரிமைல சேத்தாச்சு. பக்கத்துலயே அலியான்ஸ் சதுக்கம்னு இன்னொண்ணு, அதுவும் அந்த மரபுரிமைல அடக்கம், அங்கயும் ஒரு நீரூத்து, சீஃப்ளேன்னு ஒரு சிற்பி செஞ்சது, அக்கா அவசரமா காட்டிட்டு வந்துட்டாங்க. அது தனி டூரா போடவேண்டிய சாமான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. டூர் முடிஞ்சதும் ரெக்கார்டிங் லிங்க் ஒண்ணு அனுப்புவாங்க, ஏழு நாள்தான் வேலை செய்யும். நான் அதை வீட்டுல டீவியில போட்டு அப்பாயிக்கு காட்டினேன். எங்க அப்பாயி நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க, டிக்கோயா பக்கம் ஒரு தோட்டம். பேசாம பாத்துக்கிட்டே இருந்தாங்க. நெப்டியூன் சூலத்தை பாத்துட்டு "மாரியம்மன் சூலம் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி.

"ஏன்டா தம்பி, இந்த பீலி குடிக்கிறதுக்கா, பாக்குறதுக்கா?"

தோட்டத்துல பொறந்தவங்களுக்கு பீலின்னா என்னான்னு சொல்லவேண்டியதில்ல. மலை ஊத்துல இருந்து வர்ற தண்ணி, முன்ன மூங்கில பொளந்து வச்சது, அப்புறம் பைப். குளிக்கிறது, துவைக்கிறது, குடத்துல புடிக்கிறது எல்லாம் அங்கதான். விடியக்காலைல பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு பேரு குடுக்கிறதுக்கு, முன்னாடி பொம்பளைங்க குடத்தோட வரிசையில நிப்பாங்க, மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் சண்டை வர்றதும் அங்கதான், கல்யாணப் பேச்சு தொடங்குறதும் அங்கதான். அப்பாயி தாத்தாவை மொதல்ல பாத்தது பீலிக்கரையிலன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு தண்ணி விழுற எடம்னா அது பீலி, அங்க குடம் இல்லாம சும்மா நிக்கிறவங்கள அவங்க பாத்ததில்ல.

கேள்விய அப்புடியே வாட்சப்ல அந்த அக்காவுக்கு அனுப்பினேன். டூர் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு, காசு வாங்கியாச்சு, பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஏழு நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, "அம்மாவுக்கு சொல்லுங்கோ தம்பி"ன்னு தொடங்கி. நான் அதை அப்பாயிக்கு மூணு தரம் போட்டு காட்டினேன்.

சுருக்கமா சொன்னா, நான்சியில இருக்கிறது கண்ணுக்கு, ராசாவோட பெருமைக்கு. அந்த காலத்து ராசாமாருக்கு தண்ணிய மேல எழுப்பி காட்டுறது ஒரு பலம், மோட்டர் இல்லாம ஒசரத்துல இருந்து வர்ற வேகத்தை வச்சுத்தான் எழுப்பணும். பதினாலாம் லூயி வெர்சாய் அரண்மனை தோட்டத்து நீரூத்துக்காக சேன் ஆத்துல 1684ல மார்லி மெஷின்னு ஒண்ணை போட்டாரு, பதினாலு பெரிய சக்கரம். அப்புடியும் தண்ணி பத்தல. அதனால ராசா நடந்து வர்ற பக்கத்து நீரூத்தை மட்டும் தெறப்பாங்களாம், அந்தாண்ட போனதும் மூடிடுவாங்க, வேலையாளுங்க விசில் அடிச்சு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. இதைக் கேட்டு அப்பாயி ரொம்ப நேரம் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. தோட்டத்து மேனேஜர் தொரை வர்றப்ப மட்டும் ரோட்டை கூட்டி விடுவாங்களே, அப்புடின்னாங்க.

குடிக்கிறதுக்குன்னே வச்சதும் பிரான்ஸ்ல இருக்கு. பாரிஸை பிரஷ்யாக்காரங்க முற்றுகை போட்டு 1871ல முடிஞ்சப்ப ஏழைங்களுக்கு நல்ல தண்ணி கெடைக்கிறது பெரும்பாடாயிருச்சு, அப்ப ரிச்சர்ட் வாலஸ்னு ஒரு இங்கிலீஷ் பணக்காரரு 1872ல தெருவுக்கு தெரு பச்சை இரும்பு பீலி வச்சாரு, நாலு பொம்பளைங்க கூரைய தலையில தாங்கி நிக்கிற மாதிரி. சங்கிலியில தகர கப்பு தொங்கும், அதுல புடிச்சு குடிக்கணும், 1952லதான் சுகாதாரத்துக்கு கப்பை எடுத்தாங்க, தண்ணி இன்னைக்கும் வருது, யாரும் குடிக்கலாம். "அதுதான் பீலி"ன்னு அப்பாயி தீர்ப்பு சொல்லிட்டாங்க.

இதெல்லாம் எனக்கு தொழில்லயும் வேலை செஞ்சுச்சு, அதையும் சொல்லணும். போன மாசம் பிரெஞ்சு புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரை கண்டிக்கு கூட்டிட்டு போனேன். எப்பவும் புத்தர் பல்லு வச்சிருக்கிற தலதா மாளிகாவைய காட்டுவேன், வாவிய காட்டுவேன், கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை வெட்டி வாவியாக்கினாருன்னு சொல்லுவேன், வாவிக்கரையில ராணி குளிக்கிற மண்டபம் இருக்கு, அதையும் காட்டுவேன். ஆனா மாளிகாவைக்கு கிட்ட உள்ள சின்ன பார்க்ல நிக்கிற இரும்பு நீரூத்தை இத்தனை வருஷமா நான் நின்னு பாத்ததே இல்ல. 1875 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்த ஞாபகமா கோப்பித் தோட்டத்து தொரைமாரு வச்சது அது. இந்த தரம் நிறுத்தி காட்டினேன். தெரிஞ்ச அரைகொறை பிரெஞ்சுல சொன்னேன், இதுவும் ராசா நீரூத்து, உங்க நான்சியில உள்ள மாதிரின்னு.

அப்புறம் நம்ம பக்கத்து கதையையும் சொன்னேன். இத வச்சப்பவே கோப்பி இலையில துருநோய் பரவிக்கிட்டிருந்துச்சு, மொதல்ல கண்டது 1869ல மடுல்சீமையில. அடுத்த பதினஞ்சு இருபது வருஷத்துல கோப்பி மொத்தமா விழுந்து, 1867ல லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல வச்ச தேயிலை மலை பூரா ஏறிருச்சு. கோப்பி காலத்துல எங்க ஆளுங்க தமிழ்நாட்டுல இருந்து மன்னார் பக்கம் வந்து எறங்கி, காட்டுவழியா மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவங்க, குடிக்க நல்ல தண்ணி இல்லாம, வாந்திபேதியில வழியிலயே எத்தனையோ பேரு போய்ட்டாங்க. அவங்க பறிச்ச கோப்பி காசுலதான் இளவரசருக்கு இந்த நீரூத்து. அந்த பொம்பள கொஞ்ச நேரம் எதுவும் பேசல, அப்புறம் நீரூத்தை சுத்தி ஒரு நட நடந்துட்டு வந்து, "உங்க அப்பாயி வீட்டு பீலிய காட்டுவீங்களா"ன்னு கேட்டாங்க. மறுநாள் ப்ரோக்ராம்ல இல்லாத டிக்கோயா ஓட்டம் ஒண்ணு. பீலித்தண்ணிய கையில ஏந்தி மொகம் கழுவினாங்க, அப்பாயி பிளேன்டீ போட்டு குடுத்தாங்க, பனங்கட்டியோட.

சரி, கணக்கு. நல்லது: ஆள் நேர்ல நின்னு காட்டுறாங்க, கேட்ட எடத்துல நிறுத்துறாங்க, டூர் முடிஞ்சும் பதில் சொல்றாங்க, தமிழ் கேக்கவே இனிப்பா இருக்கு. திருத்தவேண்டியது காசு விஷயம், வருஷங்களை வேகமா சொல்றது, ஏழு நாள் லிங்க், அதை ஒரு மாசமாவது ஆக்கணும். பத்து வயசுக்கு கொறைஞ்ச புள்ளைங்க மொத இருபது நிமிஷம் தாங்காது. தனியா எடுக்காதீங்க, கூட்டமா எடுங்க, கேள்வி கூட வந்தாத்தான் அக்காவுக்கும் சூடு புடிக்குது. மலைநாட்டுல இருந்து பாக்குறவங்க ஜூன் ஜூலைய விட்டு ஜனவரி பெப்ரவரில வைங்க, அப்ப வித்தியாசம் நாலரை மணித்தியாலம்ங்கிறத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு கம்பெனி டேட்டா கையில இருக்கட்டும். அஞ்சுக்கு நாலரை குடுக்கிறேன்.

அடுத்தது எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் டவுன்னு சொல்லியிருக்காங்க, அங்க அவங்க தோழி ஒருத்தங்க போன் புடிப்பாங்களாம். நாலு டால்பின் நீரூத்து, 1667ல வச்சது, அப்புறம் அந்த பக்கத்தை முன்ன ஆண்ட ரெனே ராசா கையில திராட்சைக்கொத்தோட நிக்கிற நீரூத்து, அப்புறம் மேலெல்லாம் பாசி மூடின ஒண்ணு, அதுல பூமிக்குள்ள இருந்து வெதுவெதுன்னு தண்ணி வருதாம். திருகோணமலை கன்னியா வெந்நீர் கெணறு மாதிரியான்னு அப்பாயி கேட்டாங்க. இந்த தரம் ஹாலுக்கே வர்றேன்னுட்டாங்க, பதிமூணு பேருக்கு பேரு குடுத்தாச்சு.